காற்றுக் கொத்தனாரின் மூன்றாம் மாடி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். கல்யாணத்தை அவர் ஒரே மகளுக்கு ஒரே தடவை பண்ணிப் பார்த்தார், அதற்கே முடி பாதி நரைத்துவிட்டது. கட்டட விஷயம் அப்படியில்லை. பள்ளிக்கூடம், வங்கி, நூலகம், பேருந்து நிலையம் என்று கை சளைக்காமல் கட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றில்கூட ஒரு செங்கல் கிடையாது. எல்லாமே கம்பமும் கயிறும்தான். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குக் காற்றுக் கொத்தனார் என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

அந்த நகரத்தில் ஒரு விதி உண்டு. நகராட்சி நிலத்தில் பெரிய கட்டடம் எது வருவதானாலும், மன்றம் கூடி முடிவெடுப்பதற்கு முன்னால் அதன் உருவத்தை அதே இடத்தில் நிஜ அளவில் நிறுத்திக் காட்ட வேண்டும். மூலைக்கு மூலை கம்பம் நட்டு, கூரை வரப்போகும் உயரத்தில் கயிறு இழுத்து, கட்டடத்தின் வெளி விளிம்பை மட்டும் ஆகாயத்தில் வரைந்துவிட வேண்டும். ஒரு மாதம் அது நிற்கும். காகிதத்தில் எல்லாக் கட்டடமும் அழகுதான், பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்த்தால்தான் அது யார் வீட்டு வெயிலைத் தின்னப்போகிறது என்று தெரியும் என்பதை என்றைக்கோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். அவர் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. கொத்தனார் மட்டும் அவரை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் கம்பத்தை நடுவார்.

முன்பு அவர் மின்கம்பம் நடும் வேலையில் இருந்தவர். உயரம் பழகியவர் என்று கூட்டிவந்தார்கள். முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கயிறு கட்டி முடித்துக் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, வாயில் ஈ புகுந்தது தெரியாமல் நின்றார். காலையில் வெறும் வானமாக இருந்த இடத்தில் சாயங்காலம் ஒரு கட்டடம் நின்றது. ஒரு காக்கை அதன் இரண்டாம் மாடிக்குள் பறந்து மறுபக்கம் வெளியே போயிற்று. அந்த மலைப்பு அவரை விடவே இல்லை. வயது ஏறி, முழங்கால் முனக ஆரம்பித்த பிறகும் ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் நின்றார்.

"இன்னும் என்ன அப்படி வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கறீங்க? நீங்க கட்டினதுதானே?" என்று மனைவி கேலி செய்வாள்.

"நான் கட்டினதுனாலதான் பாக்கறேன். ஒண்ணுமே இல்லாத இடம், பாரு."

"நம்ம வீட்டுல ஒழுகற இடத்தையும் ஒரு நாள் அண்ணாந்து பாருங்க."

அவர்கள் இருந்தது ஒரு பேக்கரியின் பின்புறம், ஒற்றை அறையில். சுவர் எப்போதும் கதகதவென்று இருக்கும். குளிர்காலத்தில் அது வரம், மற்ற நாளில் சாபம்.

பழைய பேருந்துப் பணிமனை மூடப்பட்டதிலிருந்து அந்த நிலத்தின் மேல் ஊரின் கண் முழுவதும் விழுந்திருந்தது. நகரத்தின் நடு இடம். எதிரே பெரிய ஆஸ்பத்திரி, பக்கத்தில் பள்ளிக்கூடம், நாலு பக்கமும் பஸ். அங்கே வணிக வளாகம் கட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. எட்டு மாடி, கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். குறைந்த வாடகை வீடுகள் கட்டலாம் என்று நகராட்சியின் வீட்டுப் பிரிவு சொன்னது. ஐந்து மாடி, அகலமாக. மன்றம் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தது. கடைசியில், இரண்டையும் கயிறு கட்டிக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. ஒரே நிலத்தில் இரண்டு கட்டடம் கட்டச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது அதுதான் முதல் தடவை. வளாகத்துக்குச் சிவப்புக் கயிறு, வீடுகளுக்கு நீலக் கயிறு. இரண்டும் கொள்ள இடமில்லை, ஒரு ஓரத்தில் சிவப்பும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துதான் நிற்க வேண்டும்.

கரும்பு தின்னக் கூலியா என்று வேறு நேரமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இந்தத் தடவை கயிற்றை எடுக்கவே தயங்கினார். காரணம் அவர் மகள்.

மகள் எதிரே இருந்த ஆஸ்பத்திரியில்தான் துப்புரவு வேலை பார்த்தாள். குடியிருந்தது ரயிலில் போய், அதற்கு மேல் பஸ்ஸிலும் போக வேண்டிய ஒரு தூரத்து ஊரில். புருஷனுக்கு அங்கே ஒரு கிடங்கில் வேலை, வாடகையும் அங்கேதான் கட்டுப்படியாகும். விடியுமுன் கிளம்புவாள், இருட்டிய பிறகு போய்ச் சேருவாள். அவள் பெண் குழந்தை இரண்டு நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். மாமியார்தான் வளர்த்தாள். "அவ தூங்கறப்ப எப்படி மூச்சு விடுவான்னு எனக்கு நல்லாத் தெரியும்பா. முழிச்சிருக்கறப்ப என்னென்ன பேசறான்னு அத்தை சொல்லித்தான் தெரியுது" என்று ஒரு தடவை சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். குழந்தை அவளை "ஞாயித்துக்கிழமை அம்மா" என்று கூப்பிடுகிறது என்பதையும் அவளேதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நீலக் கட்டடம் வந்தால் அதில் ஒரு வரிசை வீடுகள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். மகளுக்கு மூன்றாம் மாடியில் கிழக்கு மூலை வீடு என்று உறுதியாகவே சொல்லிவிட்டார்கள். கட்டடம் வந்தால் வீடு. வராவிட்டால் ரயில். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் சிவப்புக் கட்டடத்திலும் ஒரு சொந்தம் இருந்தது. அவர் மனைவியின் தம்பி, ஊரெல்லாம் சார்ஜர் என்று கூப்பிடுகிற மைத்துனர். செல்போன் உறை, ஒயர், சார்ஜர் எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் வைத்துப் பணிமனை வாசலில் விற்றுவந்தார். மழை வந்தால் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு வண்டியைத் தாய்க்கோழி மாதிரி அணைத்து நிற்பார். நடைபாதை வியாபாரிகளுக்குத் தரைத் தளத்தில் ஒரு வரிசை சின்னக் கடைகள் தருவதாக வளாகத்துக்காரர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். கூரை, ஷட்டர், சொந்தமாக ஒரு மின்விளக்கு. சார்ஜருக்கு அந்த விளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"அக்கா பொண்ணுக்கு வீடு வேணாம்னா சொல்றேன், மாமா? நான் அவளுக்குத் தாய்மாமன். தோள்ல தூக்கி வளத்தவன். ஆனா இருபது வருஷமா நான் நடுத்தெருவுல நிக்கறேன்ல? அதையும் பாக்கணும்ல?"

"நான் யாரு பாக்கறதுக்கு? நான் கயிறு கட்டறவன், மாப்ளே. என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"உங்க கயிறைப் பாத்துத்தான ஊரே பேசுது?"

இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறார். அந்த எறும்பு எப்படி நடக்கும் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டார்.

திட்ட அதிகாரி ஒரு இளம் பெண். வெயிலில் தொப்பி போடாமல் நிலத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவளை மடக்கிக் கேள்வி கேட்பார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, ஏழைபாழைக்கு வீடு கட்டறதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"இருக்குங்க ஐயா. கடைங்க வந்தா நகராட்சிக்கு வரி வரும். அந்த வரியிலதான் உங்க தெருவுக்குத் தண்ணிக் குழாயே மாத்தணும். நிறையப் பேருக்கு வேலையும் கெடைக்கும். வீடு கட்டினா எங்களுக்குச் செலவுதான், வரவு இல்ல."

"அப்ப கடையே கட்டிரலாமே?"

"அந்தக் கடையில வேலை செய்யறவங்க எங்க தூங்குவாங்க? அதையும் யோசிக்கணும்ல."

பெரியவர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கொத்தனார் மேலிருந்து கேட்டுக்கொண்டே கப்பியில் கயிற்றை ஏற்றினார். அவளும் தன்னைப் போலத்தான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார்.

அவர் வேலையில் ஒரு முறை இருந்தது. நீளமான கயிறு நடுவில் தொய்ந்துபோகும். தொய்ந்தால் கூரை கோணலாகத் தெரியும். அதனால் கட்டும்போது மாடிக்கு மாடி, வரைபடத்தில் சுவர் வருகிற இடமாகப் பார்த்து, மெல்லிய வெள்ளைக் கயிற்றைக் குறுக்கே கட்டிக்கொள்வார். வெளிக் கயிறு முறுக்கேறி விறைத்ததும் குறுக்குக் கயிறுகளை எல்லாம் அவிழ்த்து எடுத்துவிடுவார். ஊர் பார்க்க வேண்டியது விளிம்பை மட்டும்தான், உள்ளே இருப்பதை அல்ல. அது விதி. சாரம் கட்டி வீடு முடித்த பிறகு சாரத்தைப் பிரிக்காமல் போகிற கொத்தனார் உண்டா?

சிவப்பை முதலில் முடித்தார். குறுக்குக் கயிறுகளை எடுத்தார். பிறகு நீலம். அது முடிந்த அன்று மத்தியானம், இடைவேளையில் மகள் தெருவைக் கடந்து வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை, கையில் ரப்பர் கையுறை.

"எதுப்பா நம்மளது?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். "அந்தா, மூணாவது மாடி. அந்த மூலை. குறுக்க ரெண்டு வெள்ளைக் கயிறு தெரியுதா? அது சமையக்கட்டு. இந்தப் பக்கம் படுக்கற ரூம். அந்தக் கடைசியில சின்னதா ஒரு பால்கனி."

அவள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு மேகம் சமையலறைக்குள் வந்து, கொஞ்சம் நின்று, பால்கனி வழியாகப் போயிற்று. மகள் வேலைக்குத் திரும்பினாள். அவர் பிறகும் அங்கேயே நின்றார். சாயங்காலம் ஆனதும் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் என்னமோ ஒரு சந்தோஷம். என்னவென்று அவர் ஆராயவில்லை.

மறுநாள் காலை நிலத்துக்கு வந்தபோது கூட்டம் நின்றது. வழக்கமாக நாலு பேர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றோ "ரொம்ப ஒசரம்" என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு யாரும் நகரவில்லை. விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலை வெயிலில் நீலக் கட்டடம் முழுக்க வெள்ளைக் கோடுகள் மின்னின. மாடி மாடியாக, அறை அறையாக, வீடு வீடாகத் தெரிந்தது. சிவப்போ பெரிய காலிப் பெட்டி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குறுக்குக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் இந்த யானை இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் சறுக்கியதே இல்லை.

வளாகத்துக் கம்பெனியின் மேனேஜர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அதனால் அவர் பெயர் கோட்டு. அவர் கார்க் கதவைச் சாத்தக்கூட மறந்து இறங்கி வந்தார்.

"என்னய்யா இது? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? எங்களுது வெறும் பெட்டி. அவங்களுதுல ரூம் ரூமா வரைஞ்சு வெச்சிருக்க. உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. அவுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? உன் பொண்ணுக்கு இதுல வீடு வருதுன்னு ஊரே சொல்லுது."

கொத்தனாருக்கு முகம் சிவந்தது.  கயிற்றை அவிழ்க்க ஏணியை எடுத்தார். அதற்குள் திட்ட அதிகாரி வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து அந்த வீடுகளைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.

"ரெண்டுக்கும் ஒரே நியாயம்தான் சார். ஒண்ணு, இதை எடுத்துரலாம். இல்லன்னா உங்களுதுலயும் உள்ள இருக்கறதைக் காட்டலாம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கோட்டு யோசித்தார். எடுக்கச் சொன்னால் பயந்துவிட்டார் என்று ஊர் பேசும். கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டைச் சரிசெய்துகொண்டார். "எங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? எங்களுதுலயும் கட்டட்டும். இதைவிட நல்லாக் கட்டட்டும்."

கொத்தனார் கட்டினார். இதைவிட நல்லாகவே கட்டினார். ஒரு முடிச்சில் சோம்பல் தெரிந்தாலும் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து கட்டினார் முதலில். இரண்டாம் நாள் அந்தப் பயம் போய்விட்டது. வளாகத்தின் நடுவே, தரையிலிருந்து எட்டாவது மாடிக் கூரை வரை திறந்த ஒரு பெரிய கூடம் வரைபடத்தில் இருந்தது. அதன் ஓரங்களைக் கயிறு கட்டி முடித்துக் கீழே நடுவில் வந்து நின்று அண்ணாந்தார். மாடிக்கு மேல் மாடியாக வெள்ளைக் கோடுகள் மேலே மேலே போய்ச் சின்னதாகி, உச்சியில் ஒரு சதுரம் வானம் தெரிந்தது. அம்மாடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இந்தக் கூடத்தில் எத்தனை பேர் நடப்பார்கள், மழை நாளில் எத்தனை பேர் ஒதுங்குவார்கள், எத்தனை வீட்டில் அடுப்பு இதனால் எரியும் என்று நினைத்தார். இது நல்ல கட்டடம்தான். அவருக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது. கெட்ட கட்டடமாக இருந்திருந்தால் மனசு நிம்மதியாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

தரைத் தளத்தில் நடைபாதை வியாபாரிகளின் கடை வரிசைக்கும் கயிறு கட்டினார். கடைசி முடிச்சு போட்டு நிமிர்வதற்குள் சார்ஜர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே நிறுத்திவிட்டார்.

"இதானே மாமா என் கடை? மூணாவது?"

"நாலாவது. அது செருப்புக் கடை."

சார்ஜர் வண்டியை ஒரு கடை தள்ளி நிறுத்தினார். இல்லாத ஷட்டரைக் கையால் மேலே தூக்குவது போலத் தூக்கினார். இல்லாத விளக்கை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்குப் பூராவும் அந்தக் கயிற்றுக்குள்ளேயே நின்று வியாபாரம் பார்த்தார். அன்று மாலை போனில் சார்ஜ் இறங்கிப்போன கோட்டே வந்து அவரிடம் ஒரு ஒயர் வாங்கிக்கொண்டு போனதுதான் பெரிய கூத்து. "என் கடையில முதல் பெரிய மனுஷன்" என்று சார்ஜர் அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. வேலை முடிந்தவர்கள், பள்ளி விட்டவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் எல்லாரும் அங்கே வந்தார்கள். வளாகத்தின் கூடத்தில் நின்று அண்ணாந்தார்கள். நீலக் கட்டடத்தின் தரைத் தள வீடுகளுக்குள் போய் நின்றார்கள். ஒரு தம்பதி வாசல் எதுவென்று கேட்டு, கயிற்றுக்குக் கீழே குனிந்து போகாமல், வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நுழைந்தாள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் கழற்றினார்கள். கொத்தனார் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது சரிதான், ஆனால் வெறும் மண்ணையும் கயிற்றையும் மனுஷர்கள் இத்தனை மரியாதையாக நடத்துவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை தூக்குக் கூடையில் ஏறி மேலே பார்க்கலாம் என்று அதிகாரி அறிவித்தாள். மின்கம்ப வண்டியில் இருக்குமே, ஆள் நின்று மேலே போகிற கூடை, அதுதான். கூடையை இயக்கியது கொத்தனார். வரிசை தெருமுனை வரை நின்றது. எட்டாம் மாடிக்குப் போய் ஊரைப் பார்க்க வேண்டும் என்றவர்கள் பாதி, தங்கள் வீடு வரப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றவர்கள் பாதி.

மகள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். தாத்தா இயக்குகிறார் என்று முன்னால் வரவில்லை. முறை வந்ததும் ஏறினார்கள். அவர் நெம்புகோலைத் தள்ளினார். தரை மெல்ல விலகியது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. கிழக்கு மூலையில் நிறுத்தினார்.

"இதுவாம்மா நம்ம வீடு?" என்றது குழந்தை.

"ஆமா."

"செவுரு எங்க?"

"வரும்," என்றார் தாத்தா. "தாத்தா எலும்பு மட்டும்தான் போடுவேன். சதை வேற ஆளுங்க போடுவாங்க."

குழந்தை அதை ஒத்துக்கொண்டது. காற்று அடித்தது. கயிறுகள் மெல்ல ஹம் என்று பாடின. மகள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஆஸ்பத்திரியின் பின்புறம். அவள் தினமும் துடைப்பானைப் பிழிந்து காயப்போடுகிற நீளமான மாடிக் கைப்பிடி தெரிந்தது. அவள் முந்தின நாள் போட்டுவந்த துடைப்பான்கள்கூடத் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"இவ்ளோ கிட்டயாப்பா?" என்றாள்.

"இவ்ளோ கிட்டதான்."

"அங்க நின்னு கை காட்டினா இவளுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மத்தியானம்கூட ஓடி வந்துட்டுப் போயிரலாம். இவ முழிச்சிருப்பா."

குழந்தை ஆஸ்பத்திரியைப் பார்த்து, அங்கே யாரோ நிற்பது போலக் கையை ஆட்டிற்று. ஞாயிற்றுக்கிழமை, அங்கே யாரும் இல்லை. மகள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொத்தனார் தன் வாழ்க்கையில் எத்தனையோ கட்டடங்களைக் காற்றில் நிறுத்தியிருக்கிறார். ஒன்றுக்குள்ளும் இதுவரை ஆள் குடியேறிப் பார்த்ததில்லை. இப்போது தன் மகளும் பேத்தியும் ஒன்றுமே இல்லாத ஒரு மூன்றாம் மாடியில் நின்று குடித்தனம் பேசுகிறார்கள்.  கீழே வரிசை காத்திருந்தது, யாரும் சீக்கிரம் என்று கத்தவில்லை. அவரும் அவசரப்படவில்லை.

மன்றம் கூடிய நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. கொத்தனார் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் சார்ஜர், வண்டியை இன்னொருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டையில் வந்திருந்தார். மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். வரியைப் பற்றி ஒருவர் சொன்னது நியாயமாக இருந்தது. வேலையைப் பற்றி இன்னொருவர் சொன்னதும் நியாயம். பழைய குழாயில் செம்மண் தண்ணீர் வருகிற தெருக்காரர் ஒருவர் எழுந்து, வளாகத்தை விட்டால் எங்களுக்கு எப்போது விடிவு என்று கேட்டபோது மண்டபத்தில் பல தலைகள் ஆமாம் என்று ஆடின.

கடைசியில் மன்றத் தலைவி பேசினார். வயதான அம்மாள், கூடையில் இரண்டு கட்டடத்துக்கும் ஏறிப் பார்த்தவர். "கடைக்குக் கூட்டம் வேணும். ரயில் நிலையத்துப் பக்கத்துல நமக்கு இன்னொரு நிலம் இருக்கு, கூட்டமும் இருக்கு. வளாகத்தை அங்க கேக்கலாம், வருவாங்களான்னு எனக்குத் தெரியாது. வராமப் போனா வரி போச்சு, அதைத் தெரிஞ்சேதான் சொல்றேன். ஆனா ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் தூக்கிக்கிட்டுப் போயி வேற எங்கயும் வீட்டுக்குப் பக்கத்துல வைக்க முடியாது. என் ஓட்டு நீலத்துக்கு."

கைகள் உயர்ந்தன. கொஞ்ச வித்தியாசத்தில் நீலம் ஜெயித்தது.

மண்டபத்தில் பாதி எழுந்து கை தட்டியது. கொத்தனாரால் எழ முடியவில்லை. உள்ளே சந்தோஷம் குமுறிக்கொண்டு வந்தது, பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. ரயில் நிலைய நிலத்தில் நடைபாதைக் கடை வரிசை பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார்ஜர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "புள்ளைக்குச் சொல்லுங்க மாமா, வேலையில இருப்பா" என்று நீட்டினார். மகள் போனை எடுத்ததும் அவர் சொன்னார். அந்தப் பக்கம் வாளி ஒன்று கீழே விழுந்து உருண்ட சத்தம்தான் கேட்டது. 

மறுநாள் சிவப்பைப் பிரிக்கிற வேலை. நீலம் அஸ்திவாரம் தோண்டும் வரை நிற்கலாம் என்றார்கள். எட்டாம் மாடியிலிருந்து இறங்கி இறங்கி, பெரிய கூடத்தையும் பிரித்தார். வானம் மறுபடி வெறும் வானமாயிற்று. மத்தியானம் தரைத் தளத்துக்கு வந்தபோது நாலாவது கடைக்குள் சார்ஜர் நின்றுகொண்டிருந்தார். வண்டி இல்லை. வெறும் ஆள்.

"இதை மட்டும் கடைசியாப் பிரிங்க மாமா."

"சரி."

மற்றக் கடைகளைப் பிரித்துவிட்டு அவர் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே போகத் தயக்கமாக இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைக் கயிறு.

"மாமா, ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கு அந்தக் குறுக்குக் கயிறு. நெஜமாவே மறந்தீங்களா? இல்ல, வேணும்னே விட்டீங்களா?"

அன்றைக்குக் கோட்டு கேட்டதும் இதையேதான். பொய் சொல்ல ஆசை இல்லை. உண்மை எது என்று தேட வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் மகளோடு நின்றது, மேகம் சமையலறைக்குள் நுழைந்தது, தான் அங்கேயே நின்றது எல்லாம் வரிசையாக வந்தது.

"மறந்துதான் போனேன், மாப்ளே. சத்தியமா மறந்தேன்." நடுவில் இருந்த கயிற்றை விரலால் நெருடினார். "ஆனா உன் கடையைப் பாத்துக்கிட்டு நின்னிருந்தா மறந்திருக்க மாட்டேன்."

சார்ஜர் அவரையே பார்த்தார். கண் கலங்கியதா, வெயிலா என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்து, மூலைக் கம்பத்தில் இருந்த முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தார். நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை.

"நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கீங்க, மாமா" என்றார்.

கொத்தனார் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, முடிச்சின் மறுமுனையைப் பிடித்தார்.